மூட்டுவலி என்று மூலையில் உட்கார வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வடசென்னையில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் மூட்டுவலி, எலும்பு பலவீனம் ஆகியவை குறித்து வெளிவரும் குறிப்புகளைத் தவறாமல் படித்து வருகிறேன். ‘மாடிப்படி ஏறாதீர்கள், அதிகம் நடக்காதீர்கள், கனமான எதையும் தூக்காதீர்கள், நன்றாக ஓய்வெடுங்கள்’ என்ற அறிவுரை அவற்றில் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. சிலருக்குச் சில காலம் வரை இது பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் யாருக்கு, எத்தனை நாளைக்கு என்ற விவரம் இல்லாமல் அச்சில் வரும்போது, படிக்கிறவர்கள் அதை ஆயுள் முழுவதற்குமான கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்வது எலும்பையும் மூட்டையும் மேலும் கெடுத்துவிடுகிறது. அது ஏன் என்பதை எலும்புச் செல்களும் குருத்தெலும்புச் செல்களும் வேலை செய்யும் விதத்தைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். கடிதம் சற்று நீண்டாலும் முழுமையாக வெளியிட வேண்டுகிறேன்.

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பகுதிகளில் உள்ள பழைய வாரியக் குடியிருப்புகளுக்குப் போய்ப் பார்த்தால் நிலைமை விளங்கும். மூன்றாவது மாடியில் குடியிருக்கும், அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்கு முழங்கால் வலி வருகிறது. சிகிச்சைக்குப் போன இடத்தில் ‘இனிமேல் மாடி ஏறக்கூடாதும்மா’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கட்டடத்திலோ லிஃப்ட் கிடையாது. அன்றிலிருந்து அவர் கீழே இறங்குவதையே விட்டுவிடுகிறார். தண்ணீர்க் குடத்தை மருமகள் தூக்குகிறார், ரேஷன் கடைக்குப் பேரன் போகிறான், அந்தப் பெண்மணி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். சில மாதங்கள் கழித்து என்னை வீட்டுக்கு அழைக்கும்போது, கட்டிலிலிருந்து எழுவதற்கு அவர் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிகிறது. தொடையில் கை வைத்தால் தசை தளர்ந்து குழைகிறது. வலி மட்டும் அப்படியே இருக்கிறது. இத்தகைய நிலையில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர்களை எங்கள் பகுதியில் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவர்கள் விழுந்தது ஒரு நொடியில்தான், ஆனால் அந்த எலும்பு விழுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே வலுவிழந்து வந்திருக்கிறது.

எலும்பு என்றதும் உயிரற்ற ஒரு கல்தூணைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஓயாமல் இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருகிற உயிருள்ள திசு. வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் பழையது நீங்கிப் புதியதாகிறது. எங்கே இடிக்க வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்பதில் உணவுக்கும் ஹார்மோன்களுக்கும் பங்கு உண்டு. அந்த எலும்பின் மேல் அன்றாடம் விழும் விசைக்கும் பெரும்பங்கு உண்டு.

இடுப்பு எக்ஸ்ரே படம் ஒன்றைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் மெல்லிய கோடுகள் கற்றை கற்றையாகச் செல்வது தெரியும். பந்து போன்ற தலைப்பகுதியிலிருந்து கீழிறங்கும் கற்றை, உடல் எடை அழுத்தும் திசையிலேயே செல்கிறது. வெளிப்புறத்திலிருந்து வில்லாக வளைந்து வந்து அதைக் குறுக்கிடும் கற்றை, இழுவிசையைத் தாங்கும் திசையில் செல்கிறது. 1860களில் சூரிச் நகரில் உடற்கூறியல் அறிஞர் ஹெர்மன் ஃபான் மேயர் எடுத்துக்காட்டிய இந்த அமைப்பைப் பார்த்த பொறியாளர் கார்ல் கூல்மன், வளைந்த பாரந்தூக்கி ஒன்றினுள் விசை செல்லும் கோடுகளை வரைந்தாலும் இவ்வாறே வரும் என்று கண்டுகொண்டார். துறைமுகத்துப் பாரந்தூக்கிகளை நாள்தோறும் பார்த்து வளர்ந்த ராயபுரத்து மக்களுக்கு இதை நான் எடுத்துச் சொன்னால் உடனே பிடிபடுகிறது. தாங்கும் சுமைக்கேற்ப எலும்பின் உள்ளமைப்பும் வெளிவடிவமும் மாறும் என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் ஒரு விதியாகவே வகுத்தார். எலும்பு நலியும்போது இக்கோடுகள் எந்த வரிசையில் மறைகின்றன என்பதை 1970இல் மன்மோகன் சிங் என்ற இந்திய மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆறு படிகளாக வகைப்படுத்தினார்கள். மற்றக் கோடுகள் ஒவ்வொன்றாக மங்கி மறைந்த பின்னும், உடல் எடையை நேராகத் தாங்கும் முதன்மைக் கற்றையே கடைசிவரை எஞ்சி நிற்கிறது. பயன்படும் இடத்தை உடல் கடைசிவரை விட்டுக்கொடுப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

தன் மேல் சுமை விழுகிறது என்பது எலும்புக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கு, வோல்ஃப் காலத்தில் விடை இல்லை. இன்று பெருமளவு தெரியும். எலும்பில் உள்ள செல்களில் 90 முதல் 95 சதவீதம் வரை ஆஸ்டியோசைட் எனப்படுபவை. எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களில் ஒரு பகுதி, தாம் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்து ஆஸ்டியோசைட்டுகளாக மாறி, அங்கேயே பல்லாண்டுகள் உயிர்வாழ்கின்றன. ஒவ்வொரு செல்லிலிருந்தும் எண்ணற்ற மெல்லிய இழைகள், கண்ணுக்குத் தெரியாத நுண்கால்வாய்களின் வழியே நீண்டு, அண்டைச் செல்களின் இழைகளைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. கால்வாய்களில் இழைகளைச் சுற்றித் திரவம் நிறைந்திருக்கிறது. நாம் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் எலும்பு மிக மிகச் சிறிதளவு வளைந்து கொடுக்கிறது. வேகமாக ஓடும்போதுகூட இந்த மாற்றம் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு அளவுதான். அவ்வளவு சிறிய அசைவை ஒரு செல் நேரடியாக உணர்வது கடினம். ஆனால் வளையும் எலும்பு கால்வாய்த் திரவத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளுகிறது. அந்த ஓட்டம் இழைகளை உரசி இழுப்பதால், சிறிய அசைவும் செல்லின் அளவில் பெரிதாகிவிடுகிறது. செல்சவ்வில் பதிந்துள்ள பீஸோ-1 என்ற புரதம், சவ்வு இழுபடும்போது திறந்து கால்சியம் அயனிகளை உள்ளே விடுகிறது. அழுத்தத்தை உணரும் இந்தப் புரதத்தை 2010இல் அறிவித்த குழுவின் தலைவர் ஆர்டெம் பட்டாபூட்டியன், 2021ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை டேவிட் ஜூலியஸுடன் பகிர்ந்துகொண்டார் என்பதைத் தங்கள் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும்.

சுமையை உணர்ந்த ஆஸ்டியோசைட், ஸ்க்லெரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. இந்தப் புரதம் புது எலும்பு கட்டப்படுவதைத் தடுத்து வைப்பது. அது குறையும்போது ஆஸ்டியோபிளாஸ்டுகள் வேலையைத் தொடங்குகின்றன. சுமையே இல்லாமல் படுத்துக் கிடந்தால் எதிர்மாறாக நடக்கிறது. ஸ்க்லெரோஸ்டின் பெருகுகிறது, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டும் செய்தியும் அதே ஆஸ்டியோசைட்டிலிருந்து புறப்படுகிறது. விண்வெளியில் எடையின்றி மிதக்கும் வீரர்கள் இடுப்பெலும்பின் அடர்த்தியில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இழப்பதற்கும், மாவுக்கட்டு பிரித்த கையின் எக்ஸ்ரேயில் எலும்பு மங்கித் தெரிவதற்கும் அடிப்படை ஒன்றே. இந்தப் புரதத்தைத் தடுக்கும் ரோமோசோசுமாப் என்ற ஊசிமருந்து 2019இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. எலும்பு மிகவும் நலிந்தவர்களுக்கு அது பெரிய உதவி. ஆயினும் அந்த ஊசி செய்யும் வேலையில் ஒரு பகுதியை, எழுந்து நடமாடும் ஒவ்வொருவரின் உடலும் தானாகவே செய்துகொள்கிறது என்பதை மக்கள் அறிய வேண்டும்.

கால்சியம் பற்றி ஒரு சொல். மூட்டு, எலும்பு என்று பேச்செடுத்தாலே மாத்திரையில் போய் முடிகிறது. கேழ்வரகும் பாலும் கீரையும் தேவை; வெயில் இத்தனை கொளுத்தும் ஊரிலும் வைட்டமின் டி குறைந்தவர்கள் ஏராளம் என்பதால் அதையும் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் மனையில் செங்கல்லும் மணலும் வந்து இறங்கிவிட்டால் மட்டும் சுவர் எழும்பிவிடாது, எங்கே எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்ல மேஸ்திரி வேண்டும். எலும்பில் அந்த வேலையைச் செய்வது சுமைதான்.

இங்கே ஒரு கேள்வி எழும். ‘நான் விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை உழைத்துக்கொண்டுதானே இருக்கிறேன், எனக்கு ஏன் வலிக்கிறது?’ என்று சுமைப்பணித் தொழிலாளர்களும் மீன் விற்கும் பெண்களும் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. சுமை எவ்வளவு என்பதோடு, அது எப்படி வந்து போகிறது என்பதையும் செல்கள் பார்க்கின்றன என்பதே அதற்கான விடை. ரூபினும் லான்யனும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பறவையின் இறக்கை எலும்பைத் தனிமைப்படுத்தி நாள்தோறும் குறிப்பிட்ட முறைகள் அழுத்திப் பார்த்தார்கள். அழுத்தமே இல்லாத எலும்பு கரைந்தது. நாளுக்கு நான்கே முறை அழுத்தியபோது அது கரையாமல் நின்றது. 36 முறை அழுத்தியபோது எலும்பு கூடியது. அதற்கு மேல் 1,800 முறை வரை அழுத்தியும் கூடுதல் பலன் இல்லை. அசைவின்றி ஒரே நிலையில் தொடர்ந்து அழுத்தி வைத்த சுமையோ எலும்பைக் கட்டத் தூண்டவே இல்லை. செல்கள் மாற்றத்தையே உணர்கின்றன, சிறிது நேரத்தில் பழகி மரத்துவிடுகின்றன, இடைவெளி கொடுத்தால் மீண்டும் கூர்மை பெறுகின்றன. ஒரே மூச்சில் செய்யும் பயிற்சியைவிட, அதையே காலையும் மாலையும் பிரித்துச் செய்வது எலும்புக்கு நல்லது என்று நாங்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

குருத்தெலும்பின் நிலை இன்னும் நுட்பமானது. எலும்புகளின் முனையில் சில மில்லிமீட்டர் தடிமனில் வழவழப்பாகப் போர்த்தியிருக்கும் இத்திசுவில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. எடையில் 65 முதல் 80 சதவீதம் வரை நீர். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் இழைகளின் வலைப்பின்னலும், அதற்குள் நீரைப் பிடித்து வைத்திருக்கும் அக்ரிகான் என்ற பெரும் மூலக்கூறும். செல்கள் மிகக் குறைவு. கொள்ளளவில் சில சதவீதமே தேறும். இரத்தம் வராத இடத்தில் இருக்கும் இந்தச் செல்களுக்கு உணவு, மூட்டுத் திரவத்திலிருந்து ஊறித்தான் வர வேண்டும். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்துகிறது, எடுக்கும்போது மீள்கிறது. இந்த அசைவு மூட்டுத் திரவத்தைக் கலக்கிவிட்டு, உணவு உள்ளே செல்லவும் கழிவு வெளியேறவும் துணைசெய்கிறது. சமதரையில் நடக்கும்போதே முழங்கால் மூட்டில் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை விழுகிறது. அதைத் தாங்குவது பெரும்பாலும் வலைப்பின்னலுக்குள் சிக்கி அழுத்தம் ஏறிய நீர்தான். அந்த நீர் மெதுவாகவே கசியும் என்பதால், விட்டுவிட்டு விழும் சுமையைக் குருத்தெலும்பு அலட்டிக்கொள்ளாமல் தாங்கிவிடுகிறது. மணிக்கணக்கில் ஒரே நிலையில் அழுத்திக்கொண்டிருந்தால் நீர் கசிந்து வெளியேற, பாரம் முழுவதும் இழைகளின் மேலும் செல்களின் மேலும் இறங்கிவிடுகிறது.

ஆய்வகத்தில் குருத்தெலும்புத் துண்டுகளை வைத்துச் செய்த சோதனைகளும் இதையே காட்டுகின்றன. ஒரே சீராக அழுத்தி வைத்தால் செல்கள் அக்ரிகான் உற்பத்தியைக் குறைக்கின்றன, மிதமாக அழுத்தி அழுத்தி விட்டால் கூட்டுகின்றன, அளவு மீறி மோதினால் செல்கள் மடிகின்றன. பிழைத்தவையும் தம்மைச் சுற்றியுள்ள கொலாஜனையே அரிக்கும் நொதிகளை வெளியிடத் தொடங்குகின்றன. ஒரே செல் நல்ல சுமையையும் கெட்ட சுமையையும் வேறுபடுத்தி அறிவதற்கு வெவ்வேறு புரதங்களை வைத்திருக்கிறது என்பதை 2014இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மிதமான சுமைக்கு டிஆர்பிவி-4, காயப்படுத்தும் அளவுச் சுமைக்கு பீஸோ-1, பீஸோ-2. வளர்ந்த மனிதரின் குருத்தெலும்பில் உள்ள கொலாஜன் அநேகமாக மீண்டும் உருவாவதே இல்லை. இளமையில் அமைந்ததையே கடைசிவரை வைத்துக் காலந்தள்ள வேண்டும். அதனால் அதைக் காப்பதற்கு இரண்டும் முக்கியம்: அளவு மீறிய சுமையைத் தவிர்ப்பது, அளவான சுமையை நாள்தோறும் கொடுப்பது. முதுகுத்தண்டு அடிபட்டுக் கால் செயலிழந்தவர்களின் முழங்கால் குருத்தெலும்பு, யாதொரு உழைப்பும் இன்றியே மெலிந்து போவதை ஸ்கேன் மூலம் அளந்திருக்கிறார்கள். உழைத்ததால் மட்டுமே மூட்டு கெடும் என்றால் அவர்களுக்கு அப்படி நேர்ந்திருக்கக் கூடாது.

இதை நான் காசிமேட்டில் கண்கூடாகப் பார்க்கிறேன். விடிவதற்கு முன்பே மீன் ஏலத்துக்கு வந்துவிடும் பெண்கள், ஈரத் தரையில் சிறு பலகையைப் போட்டு, முழங்கால் இரண்டும் மடங்கி மார்பைத் தொடும் அளவுக்குக் குந்தி உட்கார்ந்தே வியாபாரம் முடியும் வரை இருக்கிறார்கள். எழுந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் சில அடிகள் கால் மடங்காமல் மரக்கட்டை போல விழுகிறது, பத்துப் பன்னிரண்டு அடி போனதும் நடை இயல்பாகிவிடுகிறது. ‘நடந்தா சரியாயிடுது சார், உக்காந்தாத்தான் புடிச்சிக்குது’ என்று அவர்கள் சொல்வது, மேலே சொன்ன அறிவியலை அப்படியே உறுதிசெய்கிறது. அவர்களிடம் போய் நடையைக் குறைக்கச் சொல்வது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது, காலைத் தொங்கவிட்டு உட்காரும் உயரத்தில் ஒரு மேடையும், இடையிடையே எழுந்து நிற்கும் வாய்ப்பும்தான். மீன்பாடி வண்டி மிதிப்பவர்கள், 50 கிலோ மூட்டையைச் சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு பலகையில் ஏறி இறங்குபவர்கள் ஆகியோரின் சிக்கல் வேறு. அங்கே சுமையும் மிகுதி, எண்ணிக்கையும் மிகுதி, செல்கள் பழுதுபார்த்துக்கொள்ள இடைவெளியும் இல்லை. குந்துதல், மண்டியிடுதல், பாரம் தூக்குதல் ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு முழங்கால் மூட்டழற்சி அதிகம் வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன.

மிகையும் குறையும் இரண்டுமே தீங்கு என்பதற்கு, பல ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளியான ஒரு தொகுப்பு நல்ல சான்று. இடுப்பு, முழங்கால் மூட்டழற்சி, உடல்நலத்துக்காக ஓடுபவர்களிடம் 3.5 சதவீதமும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் 10.2 சதவீதமும், போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் 13.3 சதவீதமும் காணப்பட்டது. ஏற்கெனவே மூட்டு நலமாக இருப்பவர்களே ஓடுவதைத் தொடர்கிறார்கள் என்ற மறுப்புக்கும் இதில் இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஓடினாலே மூட்டு தேய்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு அந்த எண்களில் ஆதாரம் இல்லை. எடை கூடியவர்களுக்கு ஒரு சேதி: முழங்கால் மூட்டழற்சி உள்ள பருமனானவர்களிடம் 2005இல் நடத்திய ஆய்வின்படி, உடலில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை 4 கிலோ குறைகிறது.

நம் பகுதி இளைஞர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால், அதுவரை ஓடியே பழகாத பையன்கள் அடுத்த நாளே 1,500 மீட்டர் ஓட்டப் பயிற்சியில் இறங்கிவிடுகிறார்கள். மூன்று, நான்கு வாரங்களில் முன்னங்கால் எலும்பில் வலி என்று வருவார்கள். விரல் நுனியால் அந்த எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தால், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் துள்ளி எழுவார்கள். எலும்பில் விரிசல் விழத் தொடங்கியிருப்பதன் அடையாளம் அது. புதிய சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள எலும்பு முதலில் பழையதை அகற்றுகிறது, அதற்குச் சில வாரங்கள் போதும். அகற்றிய இடத்தைப் புது எலும்பால் நிரப்பவோ மூன்று, நான்கு மாதங்கள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஓட்டத்தை இருமடங்காக்கினால் எலும்பு விரிசல் காண்கிறது. நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த படைவீரர்களின் பாதத்தில் இத்தகைய கோளாறு வருவதைப் பிரஷ்ய ராணுவ மருத்துவர் ஒருவர் 1855இலேயே எழுதி வைத்திருக்கிறார். ஆகவே தம்பிகள் அறிவிப்புக்குக் காத்திராமல் ஆண்டு முழுவதும் சிறிதளவாவது ஓடிப் பழக வேண்டும், தூரத்தை வாரவாரம் கொஞ்சமாகவே கூட்ட வேண்டும், வலி ஒரே புள்ளியில் நின்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடித் தேர்வு நாளில் கால் முறிந்தால், அந்தக் குடும்பத்தின் ஓராண்டு நம்பிக்கை வீணாகிவிடும்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்கு மிகுந்த கவலை. உயரம் வேகமாகக் கூடும் பருவத்தையொட்டிய இரண்டே ஆண்டுகளில், வளர்ந்தவரின் எலும்பில் உள்ள தாது உப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சேர்ந்துவிடுகிறது. அந்த வயதில் சேர்க்காததைப் பிற்காலத்தில் முழுமையாக ஈடுகட்ட முடியாது. 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பள்ளிச் சிறுவர் சிறுமியரை வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 100 முறை ஒரு பெட்டியின் மேலிருந்து குதிக்க வைத்தார்கள். ஏழு மாதங்களுக்குப் பிறகு, குதிக்காத பிள்ளைகளைவிட இவர்களின் தொடையெலும்புக் கழுத்தில் தாது உப்பு சுமார் 4.5 சதவீதம் கூடுதலாக இருந்தது. செலவில்லாத பயிற்சி இது. நம் தெருக்களில் பெண்பிள்ளைகள் ஆடிய பாண்டியும் கயிறு தாண்டுதலும் அதே வேலையைத்தான் செய்தன. வியாசர்பாடி கால்பந்துக்கும் வடசென்னைக் குத்துச்சண்டைக்கும் உள்ள பெயரை நாடறியும், ஆனால் ஆட்டக்களத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பையன்கள். வயதுக்கு வந்ததும் பெண்பிள்ளைகளை வீட்டோடு வைத்துக்கொள்கிறோம். பின்னாளில் மாதவிடாய் நின்றதும் எலும்பை வேகமாக இழக்கப் போகிறவர்களும் அவர்களே. அவர்களுக்குச் சேமிப்பு அதிகம் தேவைப்படும் காலத்தில் நாம் அதைத் தடுத்துவிடுகிறோம் என்பது என்னை மிகவும் வருத்துகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று சொல்லி விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பள்ளிகள் உடனே கைவிட வேண்டும்.

வயதானபின் ஒன்றும் செய்ய முடியாது என்றும் எண்ண வேண்டாம். எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இருமுறை, அரைமணி நேரம், பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில் கனமான எடைகளைத் தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி எட்டு மாதங்களில் 2.9 சதவீதம் கூடியது. வீட்டிலேயே இலகுவான பயிற்சி செய்தவர்களுக்கு அது 1.2 சதவீதம் குறைந்தது. இதைப் படித்துவிட்டு எழுபது வயதுப் பாட்டியை நாளைக்கே எடை தூக்கச் சொல்லிவிடக் கூடாது. முதலில் நாற்காலியின் கைப்பிடியைத் தொடாமல் எழுந்து உட்காருவது, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, பிறகு ஒரு படி ஏறி இறங்குவது, அதன்பின் கையில் சிறு எடையோடு அதையே செய்வது என்று படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். மூட்டு திடீரென வீங்கிச் சிவந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, இரவில் உறங்கவிடாமல் வலித்தாலோ, கால் மடங்கிய நிலையில் மாட்டிக்கொண்டாலோ, சிறிய தடுக்கலில் எலும்பு முறிந்த வரலாறு இருந்தாலோ, பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். பயிற்சியின்போது சிறிது வலி இருப்பதில் தவறில்லை. மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அளவு சரி, திரும்பாவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். எங்கள் துறையில் இந்த ஓர் எளிய அளவுகோலை வைத்துக்கொண்டு பலரையும் நடமாட வைக்க முடிகிறது.

அரசின் கவனத்துக்குச் சிலவற்றைக் கொண்டுசெல்ல விரும்புகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருப்பது மிக நல்ல ஏற்பாடு. வீடு தேடி வரும் அந்தச் சேவையில், மாடியை விட்டு இறங்காமலேயே முடங்கிவிட்ட முதியவர்களைத் தனியாகக் கணக்கெடுத்து, அவர்களைப் படியிறங்க வைப்பதையே சிகிச்சையின் இலக்காக வைக்க வேண்டும். வாரியக் குடியிருப்புகளின் படிக்கட்டுகளில் உறுதியான கைப்பிடியும் விளக்கும் இருந்தாலே பாதிப் பேர் துணிந்து இறங்குவார்கள். பல கட்டடங்களில் கைப்பிடி துருப்பிடித்துப் பெயர்ந்து கிடக்கிறது. மீன் விற்கும் பெண்கள் உட்காரும் இடங்களில் முழங்கால் உயரத்துக்கு மேடை கட்டித் தர வேண்டும். தலைச்சுமையாகத் தூக்கும் மூட்டைகளை 25 கிலோ சிப்பங்களாகக் கட்டவும், கிடங்குகளில் தள்ளுவண்டி வைக்கவும் வணிகர்கள் முன்வர வேண்டும்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று 2021இலேயே தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்துவிட்டது. ஆனால் எங்கள் பகுதி ஜவுளிக் கடைகளில் வேலை செய்துவிட்டு என்னிடம் சிகிச்சைக்கு வரும் பெண்களில் பலர், நாற்காலி இருந்தாலும் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முகம் சுளிக்கிறார் என்றே சொல்கிறார்கள். நாள் முழுக்க நின்ற இடத்திலேயே நிற்பதும், நாள் முழுக்கக் குந்தி இருப்பதும் குருத்தெலும்புக்கு ஏறத்தாழ ஒன்றுதான். தொழிலாளர் துறை அலுவலர்கள் ஆய்வுக்குப் போகும்போது, நாற்காலி இருக்கிறதா என்பதோடு அதில் ஊழியர்கள் உட்கார முடிகிறதா என்பதையும் அவர்களிடமே தனியாகக் கேட்டறிய வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். மூட்டுவலி குறித்த குறிப்புகளை வெளியிடும்போது, ஓய்வு யாருக்கு, எத்தனை நாளைக்கு என்பதையும், அதன்பின் எந்தப் பயிற்சியை எந்த அளவில் தொடங்க வேண்டும் என்பதையும் எழுதுபவரிடம் கேட்டு வாங்கிச் சேர்த்து வெளியிடுங்கள். வாரம் ஒரு பயிற்சியைப் படத்துடன் எளிய தமிழில் எழுதித் தர நானும் இப்பகுதியில் உள்ள என் சக இயன்முறை மருத்துவர்களும் ஊதியம் ஏதும் எதிர்பாராமல் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை - 21